ஒரு சீசனில் எத்தனை வெற்றி? அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பால் கணிப்பின் அடிப்படைக் கணக்கு

அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பால் சீசன் ஆகஸ்ட் கடைசியில் தொடங்கும். அதற்குச் சில மாதங்கள் முன்பே ஒவ்வொரு பல்கலைக்கழக அணியின் பெயருக்குப் பக்கத்திலும் ஒரு எண் வந்துவிடும். ஒன்றுக்கு 10.5, இன்னொன்றுக்கு 7.5, நோஞ்சான் அணி ஒன்றுக்கு 3.5. வரும் சீசனில் அந்த அணி எத்தனை மேட்ச் ஜெயிக்கும் என்பதற்கான மதிப்பீடு அது. முதல் முறை பார்ப்பவருக்கு இரண்டு சந்தேகம் வரும். அரை மேட்ச் எப்படி ஜெயிக்க முடியும்? இன்னும் பந்தையே தொடாத அணிக்கு இந்த எண்ணை எங்கிருந்து எடுத்தார்கள்?

இரண்டாவது கேள்விக்கான பதில்தான் இந்தக் கட்டுரை. ப்ளஸ் டூ நிகழ்தகவுப் பாடம் மறந்துபோயிருந்தாலும் பரவாயில்லை. கூட்டலும் கொஞ்சம் பெருக்கலும் தெரிந்தால் போதும்.

விளையாட்டைப் பற்றி இரண்டு வரி சொல்லிவிடுகிறேன். இது நாம் கால்பந்து என்று சொல்லும் ஆட்டம் இல்லை. முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடியும் எறிந்தும் ஆடும் அமெரிக்கன் ஃபுட்பால். பல்கலைக்கழக அளவில் மேல் பிரிவான எஃப்பிஎஸ்ஸில் 2025 கணக்குப்படி 136 அணிகள் இருக்கின்றன. ஒவ்வொரு அணிக்கும் வழக்கமான சீசனில் 12 மேட்ச். அதற்கு மேல் கான்ஃபரன்ஸ் (தங்களுக்குள் ஆடும் அணிகளின் குழு) சாம்பியன்ஷிப், சீசன் முடிந்தபின் நடக்கும் பௌல் மேட்ச், 2024 முதல் 12 அணிகள் மோதும் பிளேஆஃப் எல்லாம் உண்டு. ஆனால் வெற்றிக் கணிப்பில் பொதுவாக அந்த 12 மேட்ச் மட்டும்தான் சேரும்.

ஐபிஎல்லில் 10 அணிகள், லீக் சுற்றில் ஆளுக்கு 14 மேட்ச், ஒவ்வோர் அணியும் மற்ற எல்லா அணியையும் ஒரு முறையாவது சந்தித்துவிடும். புள்ளிப் பட்டியலைப் பார்த்தாலே யார் பலசாலி என்று ஓரளவு தெரிந்துவிடும். இங்கே அப்படி இல்லை. 136 அணிகளில் ஒரு அணி அதிகபட்சம் 12 பேரைத்தான் பார்க்கும். எஸ்இசி போன்ற பெரிய கான்ஃபரன்ஸில் 8 மேட்ச் ஜெயிப்பதும், எளிய எதிரணிகளோடு ஆடி 8 ஜெயிப்பதும் ஒன்றல்ல. அதனால் வெற்றிக் கணிப்பு என்றால் இரண்டு வேலை: அணியின் பலத்தை அளப்பது ஒன்று, அந்த 12 எதிரணிகளை எடைபோடுவது இன்னொன்று.

அந்த அரை எண் பந்தயச் சந்தையிலிருந்து வந்தது. 7.5 என்று வைத்தால் 8 அல்லது அதற்கு மேல் ஜெயித்தால் 'ஓவர்', 7 அல்லது அதற்குக் கீழே என்றால் 'அண்டர்'. வெறும் 7 என்று வைத்தால் சரியாக 7 ஜெயிக்கும்போது யாருக்கும் லாபமில்லை, கட்டிய பணத்தைத் திருப்பித் தர வேண்டும். அந்தச் சிக்கலைத் தவிர்க்கத்தான் அரை. 2018 மே மாதம் அமெரிக்க உச்ச நீதிமன்றம் விளையாட்டுப் பந்தயத்துக்கு இருந்த மத்தியத் தடைச் சட்டத்தை ரத்து செய்த பிறகு இந்த எண்கள் எல்லாப் பக்கமும் பரவிவிட்டன. பந்தயம் கட்டுவது பற்றி இங்கே எதுவும் சொல்லப்போவதில்லை. எனக்கு அந்த எண்ணுக்குள் இருக்கும் கணக்குதான் முக்கியம்.

டிக் போட்டு எண்ணினால் என்ன ஆகும்

புதிதாகக் கணிக்க உட்காருபவர் எல்லோரும் ஒரே மாதிரிதான் தொடங்குவார்கள். அட்டவணையை எடுத்து வைத்துக்கொண்டு, இது ஜெயிப்போம், இது ஜெயிப்போம், இது தோற்போம் என்று 12 மேட்சுக்கும் டிக் போட்டு, கடைசியில் டிக்குகளை எண்ணுவது. பார்க்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் இது நல்ல அணிக்கு அளவுக்கு அதிகமாகவும், பலவீனமான அணிக்கு அளவுக்குக் குறைவாகவும் கொடுத்துவிடும்.

ஏன் என்று ஒரு உதாரணத்தில் பார்க்கலாம். ஒரு வலுவான அணி இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதன் 12 மேட்சுகளில் ஜெயிக்கும் வாய்ப்பு இப்படி: 98, 95, 90, 90, 85, 80, 75, 70, 70, 65, 60, 55 சதவீதம். பன்னிரண்டிலும் அதுதான் பலசாலி, எல்லாமே 50-க்கு மேல். டிக் போட்டால் 12-க்கு 12 வெற்றி.

இப்போது டிக் போடாமல் அந்த வாய்ப்புகளை அப்படியே கூட்டுங்கள். 0.98, 0.95, 0.90 என்று வரிசையாகக் கூட்டினால் 9.33 வரும். ஒவ்வொரு மேட்சிலும் பலசாலியாக இறங்கும் அணிக்கு எதிர்பார்க்க வேண்டியது 12 இல்லை, 9-க்குக் கொஞ்சம் மேலே. பன்னிரண்டையும் ஜெயிக்கும் வாய்ப்பு எவ்வளவு என்று தெரிய, எல்லா எண்களையும் பெருக்க வேண்டும். விடை சுமார் 4 சதவீதம். அதாவது இதே மாதிரி 25 அணிகள் இருந்தால் அவற்றில் ஒன்றுதான் தோல்வியே இல்லாமல் முடிக்கும்.

இந்த ஒரு கூட்டல் புரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. ஒரு கடினமான மேட்சில் 30 சதவீதம் என்றால் அது 'தோல்வி' இல்லை, 0.3 வெற்றி. சுலபமான மேட்சில் 90 சதவீதம் என்றால் அது முழு வெற்றி இல்லை, 0.9. எந்த மேட்சில் சறுக்கும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. ஆனால் எங்கேயோ சறுக்கும் என்பதைக் கூட்டல் தானாகவே கணக்கில் எடுத்துக்கொள்கிறது. 2007 செப்டம்பர் 1 அன்று, நாட்டின் 5-ம் இட அணியாக இருந்த மிச்சிகன் சொந்த மைதானத்தில் ஒரு பிரிவு கீழே ஆடிய அப்பலாச்சியன் ஸ்டேட்டிடம் 34-32 என்று தோற்றது. அட்டவணையைப் பார்த்து அங்கே டிக் போடாதவர் யாரும் இருந்திருக்க மாட்டார்கள்.

அப்புறம், 9.33 என்பது மையம்தான். மேலே உள்ள உதாரணத்தில் ஒரு மேட்சின் முடிவு மற்றதைப் பாதிக்காது என்று வைத்துக்கொண்டால், திட்ட விலக்கம், அதாவது முடிவு மையத்திலிருந்து வழக்கமாக விலகும் அளவு, சுமார் 1.4 வெற்றி. 8, 9, 10 எது வந்தாலும் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. 11 கூட அபூர்வம் இல்லை. உண்மையில் விரிவு இன்னும் அதிகம். ஏனென்றால் அணியின் பலத்தையே நாம் தவறாக மதிப்பிட்டிருந்தால் ஒரு மேட்ச் மட்டும் அல்ல, பன்னிரண்டும் சேர்ந்து ஒரே பக்கம் நகரும்.

அந்தச் சதவீதம் எங்கிருந்து வருகிறது

98, 70, 55 என்பதெல்லாம் மனதில் தோன்றியதை எழுதுவது இல்லை. வழக்கமான பாதை இது. ஒவ்வோர் அணிக்கும் பலத்தைப் புள்ளிகளில் எழுதுவார்கள்: ஒரு சராசரி அணியோடு பொது மைதானத்தில் ஆடினால் எத்தனை புள்ளி வித்தியாசத்தில் ஜெயிக்கும் என்று. ஒரு அணி +12, எதிரணி +5 என்றால் வித்தியாசம் 7. சொந்த மைதானம் என்றால் இரண்டரைப் புள்ளி கூட்டிக்கொள்வார்கள், எதிரணி ஊர் என்றால் கழிப்பார்கள். ஆக உள்ளூரில் 9.5, வெளியூரில் 4.5.

அடுத்து அந்தப் புள்ளியைச் சதவீதமாக மாற்ற வேண்டும். கல்லூரி ஃபுட்பாலில் எதிர்பார்த்த வித்தியாசத்துக்கும் நடந்த வித்தியாசத்துக்கும் இடையே இருக்கும் சிதறல், திட்ட விலக்கமாகச் சொன்னால், ஏறக்குறைய 16 புள்ளி. இது பெரிய எண். இரண்டு டச்டவுனுக்கும் மேலே (பந்தை எதிரணியின் எல்லைக்குள் கொண்டுபோனால் டச்டவுன், 6 புள்ளி; அதன்பின் உதைக்கும் எக்ஸ்ட்ரா பாயின்ட் இன்னொன்று). இதை வைத்து மணி வடிவ வளைவில் பார்த்தால் 3 புள்ளி பலம் அதிகம் உள்ள அணி சுமார் 57 சதவீதம் ஜெயிக்கும். 7 புள்ளி என்றால் 67, 14 என்றால் 81, 21 என்றால் 90. மேலே சொன்ன அணி உள்ளூரில் 72 சதவீதம், வெளியூரில் 61. இரண்டு டச்டவுன் பலம் அதிகமுள்ள அணிகூட ஐந்து மேட்சில் ஒன்றைக் கோட்டைவிடும் என்பதைக் கவனியுங்கள். மனசு இதை ஏற்காது, ஆனால் இந்த ஆட்டம் அப்படித்தான்.

மிச்சமிருப்பது அந்த +12, +5 என்ற பலத்தின் எண். இதில்தான் ஆளுக்கு ஆள் முறை மாறும். இஎஸ்பிஎன்னில் எழுதும் பில் கானலியின் எஸ்பி பிளஸ் என்ற தரவரிசை பலருக்கும் தெரிந்தது. சீசனுக்கு முன் அது மூன்று விஷயங்களைச் சேர்க்கிறது: சமீப ஆண்டுகளில் அணி எப்படி ஆடியது, கடந்த ஆண்டு களத்தில் சாதித்தவர்களில் எத்தனை பங்கு திரும்பி வருகிறார்கள், புதிதாகச் சேர்த்த பள்ளி வீரர்கள் எவ்வளவு திறமைசாலிகள். பள்ளி வீரர்களை ஐந்து நட்சத்திரம், நான்கு நட்சத்திரம் என்று தரம் பிரிக்கும் நிறுவனங்களே இருக்கின்றன. ஒரு தனி வீரர் விஷயத்தில் அந்த நட்சத்திரம் பொய்த்துப்போகும். ஆனால் 80, 85 பேரை மொத்தமாகப் பார்க்கும்போது அது நன்றாகவே வேலை செய்யும்.

திரும்பி வருபவர்கள் என்பதில் எல்லா இடமும் ஒரே எடை இல்லை. அனுபவமுள்ள குவார்ட்டர்பேக் திரும்பி வருவது பெரிய விஷயம். பந்தை யாருக்கு எறிவது, எப்போது ஓடுவது என்று ஒவ்வொரு ஆட்டத்தையும் நடத்துபவர் அவர்தான். ஓட்டக்காரரான ரன்னிங் பேக் போனால் இன்னொருவரை வைத்துச் சமாளித்துவிடலாம்.

நான்காவதாக நான் சேர்க்க விரும்புவது கடந்த ஆண்டின் அதிர்ஷ்டம். பலர் இதை ஒரு வரியில் கடந்துபோய்விடுகிறார்கள். இதற்கு ஒரு அணியை முழுதாகப் பிரித்துப் பார்ப்பதே சரியான வழி.

நெப்ராஸ்கா, 2021

2021-ல் நெப்ராஸ்கா 3 வெற்றி, 9 தோல்வி. இந்த இரண்டு எண்ணை மட்டும் பார்த்தால் நாட்டின் மோசமான அணிகளில் ஒன்று. இனி அந்த 9 தோல்விகளின் ஸ்கோரைப் பாருங்கள். இல்லினாயிடம் 30-22, ஓக்லஹாமாவிடம் 23-16, மிச்சிகன் ஸ்டேட்டிடம் கூடுதல் நேரத்தில் 23-20, மிச்சிகனிடம் 32-29, மினசோட்டாவிடம் 30-23, பர்டூவிடம் 28-23, ஒஹாயோ ஸ்டேட்டிடம் 26-17, விஸ்கான்சினிடம் 35-28, அயோவாவிடம் 28-21. ஒன்பதில் ஒன்றுகூட இரட்டை இலக்க வித்தியாசம் இல்லை. ஒஹாயோ ஸ்டேட் மேட்ச் தவிர மற்ற எட்டும், ஒரு டச்டவுனும் கூடுதல் இரண்டு புள்ளியும் கிடைத்திருந்தால் சமனாகவோ வெற்றியாகவோ மாறியிருக்கும்.

சீசன் முழுக்க நெப்ராஸ்கா எடுத்தது 335 புள்ளி, கொடுத்தது 272. 63 புள்ளி அதிகம் எடுத்த அணி 9 மேட்ச் தோற்றிருக்கிறது!

இந்த மாதிரி முரண்பாட்டை அளக்க ஒரு பழைய சூத்திரம் இருக்கிறது. பேஸ்பாலுக்காக பில் ஜேம்ஸ் உருவாக்கியது, பிதாகோரியன் எதிர்பார்ப்பு என்று பெயர். எடுத்த புள்ளியை ஒரு அடுக்குக்கு உயர்த்தி, அதை எடுத்தது, கொடுத்தது இரண்டின் அடுக்குகளின் கூட்டுத்தொகையால் வகுக்க வேண்டும். பேஸ்பாலில் அடுக்கு 2. அமெரிக்கன் ஃபுட்பாலில் பலரும் 2.37 எடுத்துக்கொள்கிறார்கள். 335-ஐயும் 272-ஐயும் போட்டால் 62 சதவீதம் வரும். 12 மேட்சுக்கு 7.4 வெற்றி. ஆனால் கையில் இருந்தது 3.

இங்கேதான் புதியவர் துள்ளிக் குதித்து, 'அடுத்த வருஷம் நெப்ராஸ்கா எட்டு ஜெயிக்கும்' என்று எழுதிவிடுவார். கொஞ்சம் பொறுமையாக அந்த 63 புள்ளியைப் பிரித்துப் பார்ப்போம். ஜெயித்த மூன்று மேட்சும் ஃபோர்டாமுக்கு எதிராக 52-7, பஃபலோவுக்கு எதிராக 28-3, நார்த்வெஸ்டர்னுக்கு எதிராக 56-7. இந்த மூன்றில் மட்டும் 119 புள்ளி அதிகம். தோற்ற ஒன்பதில் மொத்தம் 56 புள்ளி குறைவு. எளிய எதிரணிகளை நொறுக்கிய மூன்று மேட்ச் சூத்திரத்தை ஊதிப் பெரிதாக்கிவிட்டது. என் கணக்கில் அந்த அணி நியாயமாக ஐந்து ஆறு வெற்றிக்குத் தகுதியானது. ஏழு அல்ல, மூன்றும் அல்ல.

நெருக்கமான தோல்வி எல்லாமே துரதிர்ஷ்டம்தானா? இல்லை. ஓக்லஹாமா மேட்சில் நெப்ராஸ்காவின் எக்ஸ்ட்ரா பாயின்ட் உதையைத் தடுத்து, பந்தை மறுமுனை வரை ஓடிக் கொண்டுபோய் எதிரணி 2 புள்ளி எடுத்தது. மிச்சிகன் ஸ்டேட் மேட்சில் கடைசி சில நிமிடங்களில் ஒரு பண்ட் உதை (பந்தை எதிரணிக்கு விட்டுக்கொடுத்துத் தொலைவாக உதைப்பது) தவறான பக்கம் போக, அதை எடுத்து ஓடி டச்டவுன் போட்டு ஸ்கோரைச் சமன் செய்தார்கள். அயோவா மேட்சில் பண்ட் உதையைத் தடுத்து டச்டவுன். மிச்சிகனோடு ஸ்கோர் சமனாக இருந்தபோது குவார்ட்டர்பேக் ஏட்ரியன் மார்ட்டினெஸ் பந்தை நழுவவிட்டார். உதைப் பிரிவு வாரத்துக்கு வாரம் சொதப்பினால் அது அதிர்ஷ்டம் இல்லை, குறைபாடு. குறைபாடு அடுத்த ஆண்டும் கூடவே வரும். நழுவிய பந்து தரையில் கிடக்கும்போது அதை யார் எடுக்கிறார்கள் என்பதுதான் உண்மையான அதிர்ஷ்டம். அது கிட்டத்தட்ட பாதிக்குப் பாதி.

அப்புறம் 2022 என்ன ஆனது

சீசனின் முதல் மேட்ச் அயர்லாந்தின் டப்ளினில், நார்த்வெஸ்டர்னோடு. மூன்றாவது கால்பகுதியில் நெப்ராஸ்கா 28-17 என்று முன்னிலை. பயிற்சியாளர் ஸ்காட் ஃப்ராஸ்ட் யாரும் எதிர்பாராத நேரத்தில் ஆன்சைட் கிக் அடிக்கச் சொன்னார். பந்தைக் குட்டையாக உதைத்துத் தானே திரும்ப எடுக்கப் பார்க்கும் ஆபத்தான முயற்சி அது. நார்த்வெஸ்டர்ன் பந்தைப் பிடித்தது, உடனே டச்டவுன் போட்டது, கடைசியில் 31-28 என்று ஜெயித்தது. அந்த ஆண்டு நார்த்வெஸ்டர்ன் ஜெயித்த ஒரே மேட்ச் அதுதான், மற்ற 11-லும் தோல்வி. இரண்டு வாரம் கழித்து ஜார்ஜியா சதர்னிடம் 45-42 தோல்வி, மறுநாள் ஃப்ராஸ்ட் வேலையிலிருந்து நீக்கப்பட்டார். நெப்ராஸ்கா அந்த ஆண்டு முடித்தது 4 வெற்றி, 8 தோல்வி.

மேலோட்டமாகப் பார்த்தால் 'அதிர்ஷ்டம் திரும்பும்' என்ற கொள்கையே தோற்றுப்போனது போலத் தெரியும். ஸ்கோர்களைக் கூட்டிப் பார்த்தால் கதை வேறு. 2022-ல் நெப்ராஸ்கா எடுத்தது 271, கொடுத்தது 331. அதே சூத்திரத்தில் போட்டால் 38 சதவீதம், 4.6 வெற்றி. நடந்தது 4. அதாவது அதிர்ஷ்டம் சரியாகத்தான் திரும்பியிருக்கிறது. ஸ்கோருக்கும் வெற்றிக்கும் இருந்த இடைவெளி நாலரையிலிருந்து அரையாகக் குறைந்துவிட்டது. சரிந்தது அணியின் பலம். +63 ஆக இருந்தது −60 ஆகிவிட்டது. மார்ட்டினெஸ் கான்சஸ் ஸ்டேட்டுக்குப் போய்விட்டார், அங்கே அந்த ஆண்டு பிக் 12 கான்ஃபரன்ஸின் சாம்பியன் பட்டம்.

எனக்கு இதைவிட நல்ல பாடம் தெரியாது. கணிப்பில் இரண்டு தனிக் கேள்விகள் இருக்கின்றன: போன வருஷ ரெக்கார்ட் அணியின் பலத்தைச் சரியாகக் காட்டியதா, அந்தப் பலம் இந்த வருஷம் கூடுமா குறையுமா. முதல் கேள்விக்குச் சரியான விடை கண்டுபிடித்துவிட்டு இரண்டாவதை மறந்துபோவது ரொம்ப சுலபம்.

எதிர்ப் பக்கமும் உண்டு

டெக்ஸஸ் கிறிஸ்டியன் பல்கலைக்கழகம், சுருக்கமாக டிசியு, 2021-ல் 5 வெற்றி 7 தோல்வி. 2022-ல் புதிய பயிற்சியாளர் சானி டைக்ஸ். கான்ஃபரன்ஸின் பத்து அணிகளில் ஏழாவது இடம் கிடைக்கும் என்று பத்திரிகையாளர்கள் கணித்தார்கள். நடந்தது 12-0. அதில் ஐந்து மேட்ச் எட்டு அல்லது அதற்குக் குறைவான புள்ளி வித்தியாசம். பெய்லரோடு நடந்த மேட்சில் கடிகாரத்தை நிறுத்தும் டைம்அவுட்டே கையில் இல்லாமல், கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கும்போதே உதைக் குழு மைதானத்துக்குள் ஓடிவந்து, கடைசி நொடியில் ஃபீல்டு கோல் (கம்பங்களுக்கு நடுவே உதைத்து எடுக்கும் 3 புள்ளி) அடித்து 29-28 என்று ஜெயித்தார்கள். தேசிய இறுதிப் போட்டி வரை போய் ஜார்ஜியாவிடம் 65-7 தோல்வி. அடுத்த ஆண்டு மறுபடியும் 5-7.

அந்த ஆண்டு டிசியுவை நடத்திய மேக்ஸ் டகன், சீசன் தொடக்கத்தில் அணியின் முதல் குவார்ட்டர்பேக் கூட இல்லை. சாண்ட்லர் மாரிஸ் முதல் மேட்சில் காயம்பட்டதால் டகன் உள்ளே வந்தார். எந்தக் கணிப்பும் இதை முன்கூட்டிச் சொல்லியிருக்க முடியாது. கணிப்பவர் செய்ய முடிவதெல்லாம் எண்ணுக்கு இரு பக்கமும் போதிய இடம் விட்டு எழுதுவதுதான்.

ஆள் மாறும் காலம்

2018 அக்டோபரில் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் என்ற பதிவேடு வந்தது. வேறு பல்கலைக்கழகம் போக விரும்பும் வீரர் அதில் பெயர் போடலாம். 2021 ஏப்ரலில், முதல் முறை மாறுபவர் ஓராண்டு உட்கார வேண்டியதில்லை என்று விதி தளர்ந்தது. அதே ஆண்டு ஜூலை 1 முதல் வீரர்கள் தங்கள் பெயரையும் புகழையும் வைத்துப் பணம் சம்பாதிக்க அனுமதி கிடைத்தது. இந்த மூன்றும் சேர்ந்து கணிப்பின் அடித்தளத்தையே ஆட்டிவிட்டன. முன்பெல்லாம் ஒரு அணி மெல்லத்தான் மாறும். இப்போது ஒரு குளிர்காலத்திலேயே பாதி அணி மாறிவிடும்.

இண்டியானா 2023-ல் 3-9. ஜேம்ஸ் மேடிசன் பல்கலைக்கழகத்திலிருந்து பயிற்சியாளர் கர்ட் சிக்னெட்டி வந்தார், தன்னோடு 13 வீரர்களையும் அழைத்துவந்தார். குவார்ட்டர்பேக் கர்ட்டிஸ் ரூர்க் ஒஹாயோ பல்கலைக்கழகத்திலிருந்து. 2024 வழக்கமான சீசனில் 11-1. அதே ஆண்டு ஃப்ளோரிடா ஸ்டேட்டுக்கு நேர் தலைகீழ். 2023-ல் கான்ஃபரன்ஸ் சாம்பியன்ஷிப் வரை 13-0. நட்சத்திர வீரர்கள் பலர் தொழில்முறை லீகுக்குப் போனார்கள். இருந்தும் 2024 தொடக்கத்தில் ஏபி செய்தி நிறுவனத்தின் தரவரிசையில் 10-வது இடம் கொடுத்தார்கள். அந்த ஆண்டு 2-10.

அதனால் 'திரும்பி வருபவர்கள்' பட்டியலைப் பார்க்கும்போது, வெளியிலிருந்து வந்தவர் பழைய இடத்தில் என்ன செய்தார் என்பதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். பயிற்சியாளரும் வீரர்களும் ஒன்றாக வந்தால் அது சிதறிய பொறுக்கல் இல்லை, ஏற்கனவே சேர்ந்து ஆடிய அணி. இண்டியானா விஷயத்தில் பலர் தவறவிட்டது இதைத்தான் என்று நினைக்கிறேன்.

கூட்டுத்தொகை பொய் சொல்லாது

கணிப்பை எழுதி முடித்ததும் செய்ய வேண்டிய ஒரு சோதனை இருக்கிறது. ஒரு கான்ஃபரன்ஸுக்குள் ஒருவரின் வெற்றி இன்னொருவரின் தோல்வி. பிக் டென் கான்ஃபரன்ஸில் 18 அணிகள், ஆளுக்கு 9 கான்ஃபரன்ஸ் மேட்ச். 18-ஐ 9-ஆல் பெருக்கி இரண்டால் வகுத்தால் 81. நீங்கள் 18 அணிகளுக்கும் எழுதிய கான்ஃபரன்ஸ் வெற்றிகளின் கூட்டுத்தொகை 81 ஆகத்தான் இருக்க வேண்டும். 2025-ல் எஸ்இசியில் 16 அணிகள், ஆளுக்கு 8 மேட்ச், ஆக 64.

ஒவ்வோர் அணியையும் தனித்தனியாக உட்கார்ந்து கணித்தவர்கள் கூட்டிப் பார்த்தால் பெரும்பாலும் அதைவிட அதிகமாகத்தான் வரும். கோடைக்காலத்தில் எல்லா அணிக்கும் நல்ல செய்திதான் வரும்: புதுப் பயிற்சியாளர், புது குவார்ட்டர்பேக், உடற்பயிற்சிக் கூடத்தில் எல்லோரும் நன்றாக உழைக்கிறார்கள். அந்த நம்பிக்கை ஒவ்வோர் அணியின் எண்ணிலும் கால் வெற்றி, அரை வெற்றி என்று ஏறிவிடும். கூட்டுத்தொகை அதிகமாக வந்தால் யாரிடமிருந்து எடுப்பது என்று முடிவு செய்யுங்கள். அந்த முடிவு உங்கள் கணிப்பை நிச்சயம் மேம்படுத்தும்.

சந்தையின் எண்ணோடு ஒப்பிடும்போது இன்னொன்றையும் பாருங்கள். 7.5 என்பதோடு ஒரு விலையும் இருக்கும். ஓவர் பக்கம் 100 டாலர் லாபத்துக்கு 150 கட்ட வேண்டும் என்றிருந்தால், 8 வெற்றி வரும் என்றே சந்தை அதிகம் நம்புகிறது என்று பொருள். விலையை விட்டுவிட்டு எண்ணை மட்டும் படித்தால் பாதிச் செய்திதான் கிடைக்கும்.

சீசன் தொடங்கிய பிறகு

எண்ணை ஆகஸ்டில் எழுதி டிசம்பர் வரை பூட்டி வைக்க வேண்டியதில்லை. முதல் உதாரணத்தில் இருந்த 9.33 அணி மூன்று மேட்ச் ஆடிவிட்டது என்று வைத்துக்கொள்வோம், அவை 98, 90, 70 சதவீத மேட்சுகள். எதிர்பார்த்தது 2.58 வெற்றி. 70 சதவீத மேட்சில் தோற்று 2-1 என்று நிற்கிறது. மீதி ஒன்பதின் கூட்டுத்தொகை 6.75. கையில் இருக்கும் 2-ஐச் சேர்த்தால் 8.75. தோல்விக்குப் பிறகு ரசிகர்கள் சீசனே முடிந்தது என்று புலம்புவார்கள், ஆனால் கணக்கு அரை வெற்றியைவிடச் சற்று அதிகமாகத்தான் குறைந்திருக்கிறது.

மூன்று மேட்சில் பார்த்ததை வைத்து பலத்தின் எண்ணையும் திருத்தலாம், ஆனால் கொஞ்சமாக. 98 சதவீத மேட்சை 3 புள்ளியில் தட்டுத்தடுமாறி ஜெயித்திருந்தால், வெற்றி வெற்றிதான் என்று விடாமல் மீதி ஒன்பதிலும் ஒன்றிரண்டு சதவீதம் குறையுங்கள். தோற்ற மேட்சில் பந்து இரண்டு முறை நழுவி இரண்டு முறையும் எதிரணி கையில் விழுந்திருந்தால் அதற்காக எதையும் குறைக்காதீர்கள். ஒவ்வொரு ஞாயிறும் இதைச் செய்ய ஒரு ஸ்ப்ரெட்ஷீட்டில் 12 வரி இருந்தால் போதும். ஆடி முடித்த வரியில் 1 அல்லது 0 போடுங்கள், மீதியில் சதவீதம் அப்படியே இருக்கட்டும், கீழே கூட்டுத்தொகை தானாக மாறிக்கொள்ளும்.